படுகளத்தில் விழுந்து எழுந்தவர்கள்

 

போன கார்த்திகையில் குமாரபாளையத்தில் ஓர் உறவினரின் தறிப்பட்டறைக்கு இரவு எட்டரை மணி வாக்கில் போயிருந்தேன். நாலு தறியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. வயது ஐம்பது இருக்கும். தறிக் கட்டையில் சாய்த்துவைத்த கைப்பேசியில் தமிழ்க் குரல் போட்ட சீனத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதில் மட்டும் இயர்போன். மற்றக் காதை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன். "நாடா ஓடுற சத்தம் மாறுனாத் தெரியோணுமில்லீங்க சார்" என்றார். திரையில் வெள்ளை உடை உடுத்த இளைஞன் ஒருவன் பனிக்குகைக்குள் கண்மூடி உட்கார்ந்திருந்தான். நூறு ஆண்டு தவமாம். எழுந்து கையை நீட்டியதும் எதிர்மலை பிளந்தது. குகை வாசலில் அவனுக்காகக் காத்திருந்த பெண் ஒதுங்கி நின்று பார்த்தாள். அந்த அம்மா திரையைக் காட்டி என்னிடம் சொன்னார்: "அவன் இருந்தது தவம். அந்தப் புள்ள வாசல்ல இருந்ததுக்குப் பேரு என்னங்க சார்? அதை யாராச்சும் கணக்குல எடுத்தாங்களா?"

இன்றைய பேச்சு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. மாய வீரக்கதைகளைப் பார்க்கிறவர்கள் அவற்றுக்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். கதையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். பார்த்தவர் சொன்ன பதிலை நாம் எழுதிவைக்கவே இல்லை.

அந்தத் தொடர் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சீனத்தில் இதற்கு 'ஷியான்ஷியா' என்று பெயர். 'ஷியா' என்றால் நீதிக்காக வாளெடுக்கும் வீரன். 'ஷியான்' என்றால் சாவைக் கடந்தவன். நம் வழக்கில் சித்தன். அந்த 'ஷியான்' என்ற சொல்லை எழுதும் சீன எழுத்தில் மனிதனைக் குறிக்கும் பகுதி ஒன்றும் மலையைக் குறிக்கும் பகுதி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மலையில் இருக்கும் மனிதன். கஞ்சமலையையும் கொல்லிமலையையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை. கதையின் சட்டமும் எளியது. ஒருவன் மூச்சை அடக்கி, உடம்பைப் பக்குவப்படுத்தி, படிப்படியாகச் சக்தி சேர்க்கிறான். ஒவ்வொரு படிக்கும் ஒரு சோதனை உண்டு. அடிவயிற்றில் பொன்னுருண்டை ஒன்று திரள்கிறது என்பார்கள். நம் சித்தர் மரபு மூலாதாரத்தையும் காயகற்பத்தையும் ரசமணியையும் பேசுகிற பக்கத்துத் தெரு அது. 1932-இல் ஹுவான்சுலௌசு என்ற புனைபெயரில் ஒருவர் ஷு மலை வாள்வீரர்களைப் பற்றி எழுதத் தொடங்கிய நெடுந்தொடர்தான் இவ்வகைக்குப் பெரிய ஊற்று. இன்று கைப்பேசியில் வரும் ஐம்பது அறுபது பாகத் தொடர்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

இனி என் அம்மாயியின் ஊருக்கு வருகிறேன். நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரியைத் தொட்ட ஊர். அங்கே அண்ணமார் கோயிலில் உடுக்கடிப் பாட்டு நடக்கும். பொன்னர் சங்கர் கதை. ஓர் இரவில் முடியாது; இரவுக்கு இரவு தொடரும். பகலில் வெங்காயக் காட்டில் களை எடுத்துவிட்டு, இரவில் போர்வையும் பிள்ளைகளுமாகப் போய் உட்காருவார்கள். நேற்று எங்கே விட்டார் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். பாட்டுக்காரர் மறந்தாலும் முன்வரிசைக் கிழவி எடுத்துக் கொடுப்பாள்.

கதையை இங்கே பலர் அறிவீர்கள். குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் நெடுங்காலம் பிள்ளையில்லை. தாமரை கம்பத்தின் மேல் ஏறி 21 ஆண்டு தவம் இருக்கிறாள். சிவன் அவளை வெட்டி வெட்டி உயிர்ப்பித்துச் சோதிக்கிறார். அந்தத் தவத்துக்குக் கிடைத்தவர்கள் பொறுமையான பொன்னரும், தீப்பிழம்பான சங்கரும், அவர்கள் தங்கை அருக்காணித் தங்காளும். வேட்டுவரோடு பகை வளர்கிறது. மலைபோல் கொம்பன் என்ற காட்டுப்பன்றி வருகிறது. அதை மடக்கப் பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு நாய் போதுமாக இருக்கிறது. பதினாறு வயதில், படுகளத்தில், அண்ணனும் தம்பியும் தங்கள் வாளாலேயே மடிகிறார்கள். தங்காள் தேடிக்கொண்டு வந்து, பெரியகாண்டி அம்மன் துணையால், அண்ணன்மாரைக் கொஞ்சநேரம் உயிர்ப்பித்துப் பேசி வழியனுப்புகிறாள். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் விழாவுக்கு இன்றும் நம் மாவட்டங்களிலிருந்து வண்டி வண்டியாகச் சனம் போகிறது.

எனக்கு எட்டு வயது. அம்மாயி மடியில் பாதி தூக்கம். சங்கர் மடியும் கட்டம் வந்தது. உடுக்கையின் அடி மாறியது. அடி மாறினால் உடம்புக்குத் தெரிந்துவிடும். எனக்கு நாலு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார், நடுங்கினார், மரம் சாய்வதுபோல் விழுந்தார். அடுத்து இன்னொருவர். பிறகு ஒரு பெண். மொத்தம் ஏழெட்டுப் பேர் மண்ணில் கிடந்தார்கள். கைகால் விறைத்திருந்தது. அவர்களை வரிசையாகக் கிடத்தி வேட்டி போர்த்தினார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். நான் அழுதேன். அம்மாயி என் தலையைத் தடவி, "பயப்படாத கண்ணு, எழுப்பிருவாங்க, தங்காயி வரோணும்" என்றாள். விடியற்காலையில் தீர்த்தம் தெளித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதலில் விழுந்தவர், எங்களுக்கு மோர் கொடுக்கும் வீட்டுக்காரர், எழுந்து உட்கார்ந்து, தன் துண்டைத் தேடினார்.

இதைத்தான் படுகளம் விழுதல், படுகளம் எழுப்புதல் என்கிறோம். உலகத்தில் எத்தனையோ பேர் கதை கேட்டு அழுதிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், கைத்தட்டியிருக்கிறார்கள். கதையில் வீரன் சாகும் இடத்தில் தானும் செத்துக் கிடந்து, கதை எழுப்பும்போது எழுந்துகொள்கிற பார்வையாளரை நம் மண் உண்டாக்கியிருக்கிறது. இதைப் பக்தி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நான் அதோடு நிறுத்தமாட்டேன். அது கேட்பவர் கதைக்குத் தரும் பதில். பதிலிலேயே கடைசி எல்லைவரை போன பதில்.

1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். கொங்குச் சமூகத்தைப் பற்றிய அவர் நூல் 1972-இல் வந்தது. இந்தக் கதையை ஆராய்ந்த நூல் 1982-இல் வந்தது. பின்னாளில் இதையே 26 பாகங்கள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் ஆக்கினார். அவர் வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. அவருக்குக் கிடைத்தது ஒரே பாட்டுக்காரரின் இரண்டு வடிவங்கள். ஒன்று ஊரார் நடுவே இரவிரவாகப் பாடியது. மற்றது எழுத்தர் ஒருவருக்குச் சொல்லி எழுதவைத்தது. கதை ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். ஆனால் இரண்டு வடிவங்களும் ஒன்றாக இல்லை. கூட்டம் எதிரே இருந்தால் கதை ஒரு வழி போகிறது. எதிரே எழுத்தர் மட்டும் இருந்தால் வேறு வழி போகிறது. கதையின் பாதி கேட்பவரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம்.

கேட்பவரை எழுதிவைத்த இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சீனர். 1928-இல் ஷாங்காய் நகரத்தில் மிங்ஷிங் என்ற படக்கம்பெனி 'செந்தாமரைக் கோயில் எரிந்தது' என்று ஒரு படம் எடுத்தது. வாள்வீரர்கள் வானில் பறப்பார்கள். வாளிலிருந்து ஒளி பாய்ந்து எதிரியின் ஒளியோடு மோதும். இன்று கணினியில் செய்வதை அன்று கையால் செய்தார்கள். சனம் மொய்த்தது. 1931-க்குள் பதினெட்டுப் பாகம் எடுத்துவிட்டார்கள். பதினெட்டு. பாரதப் போருக்குப் பதினெட்டு நாள் கணக்கு வைத்திருக்கும் நமக்கு அந்த எண் புதிதில்லை. 1931-இல் அரசாங்கம், மூடநம்பிக்கை வளர்க்கிறது என்று சொல்லி அப்படத்தைத் தடைசெய்தது. பிள்ளைகள் சித்தரைத் தேடி வீட்டைவிட்டு மலைக்குப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது.

இரண்டாண்டு கழித்து, 1933-இல், மாவோ துன் என்ற பெரிய நாவலாசிரியர் இந்தப் படங்களைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். இடதுசாரி, இப்படிப்பட்ட கதைகள் ஏழைகளை ஏமாற்றுகின்றன என்று நம்பியவர். ஆனால் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதினார். தொடக்கம் முதல் முடிவு வரை ஆரவாரம் ஓயவில்லை என்கிறார். வாள்கள் மோதும்போது கூட்டம் தானே போரில் இருப்பதுபோல் கத்துகிறது என்கிறார். செவ்வாடைப் பெண் வானிலிருந்து இறங்கும்போது எழும் கைத்தட்டல், அந்த வேடத்தில் நடித்த நட்சத்திரமான ஹூ தியேவுக்கு அல்ல, அந்த வாள்வீராங்கனைக்கே என்று கவனித்துச் சொல்கிறார். எனக்கு அந்தக் கவனம் பெரிது. அவருடைய தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அவருடைய காதை வணங்குகிறேன். அந்தப் பதினெட்டுப் பாகங்களின் படச்சுருள் இன்று கிடையாது, அழிந்துவிட்டது. கூட்டம் போட்ட சத்தம் மட்டும் ஓர் எதிர்ப்பாளரின் கட்டுரையில் தங்கியிருக்கிறது.

நம் சேலத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. திருச்செங்கோட்டில் பிறந்து, லீட்ஸ் நகரில் துணித்தொழில் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம், 1935-இல் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே பிறந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' படத்தை 1938-இல் அந்த நிறுவனம் எடுத்தது. 1940-இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வாள் சுழற்றிய 'உத்தமபுத்திரன்', 1950-இல் 'மந்திரி குமாரி', 1956-இல் வண்ணத்தில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் நம் ஊர்ச் சரக்கு. மாயக்கதை என்று எடுத்துக்கொண்டால் 1947-இல் வந்த 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி'யைச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டு, விடை தெரியாதவர் தலையை வாங்கும் இளவரசியின் கதை. அதைப் பார்க்க மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனதாக என் அப்பாரு சொல்வார். என்ன பார்த்தார், எங்கே கத்தினார், வீடு திரும்பும்போது வண்டியில் என்ன பேசிக்கொண்டார்கள்? நான் கேட்கவில்லை. கேட்கிற வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை. படத்தின் பெயர், ஆண்டு, நடிகர் பட்டியல், பாட்டுப் புத்தகம் எல்லாம் தேடினால் கிடைக்கும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த சேலத்துச் சனத்தின் ஒரு வாக்கியம்கூட நமக்கு மிஞ்சவில்லை. அந்த நிறுவனத்துக்கு மிஞ்சியது சாலையோரத்து முகப்பு வளைவு.

ஷாங்காய்ப் பிள்ளைகள் மலைக்குப் போனதைப் படித்தபோது எனக்கு என் வகுப்புத் தோழன் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஆறாம் வகுப்பு. டூரிங் கொட்டகையில் ஒரு மாயாஜாலப் படம் பார்த்துவிட்டு, வாழைமட்டைக் கத்தியோடு கொஞ்சநாள் அலைந்தான். பிறகு ஒருநாள் பள்ளிக்கு வரவில்லை. கோரக்கர் குகையில் போய்ச் சித்தரிடம் வித்தை கற்றுக்கொள்வதென்று கொல்லிமலைக்குக் கிளம்பிவிட்டான். காரவள்ளி அடிவாரத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் பிடித்து உட்காரவைத்து, இரண்டு போண்டா வாங்கிக் கொடுத்து, ஊர் கேட்டு அனுப்பிவைத்தார். வீட்டில் அடி. பள்ளியிலும் அடி. ஏன் போனாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவன் என்னிடம் மட்டும் சொன்னான்: அவன் அப்பாவை நில வழக்கில் ஒருவர் ஊர் நடுவில் வைத்துக் கேவலமாகப் பேசியிருந்தார். அதற்குப் பதில் சொல்ல ஒரு சக்தி வேண்டியிருந்தது அந்தப் பதினோரு வயதுக்கு. மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் மூடிவிட்டால் அந்த அவமானத்தை நாம் பார்க்காமலே போய்விடுவோம்.

இப்போது கஞ்சமலைக்கு வருகிறேன். சேலத்துக்கு மேற்கே, இரும்புக் கனிமம் நிறைந்த மலை. அடிவாரத்துச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் வரும். அங்கே சொல்லப்படும் கதை இது. வயதான குருவும் வயதான சீடரும் காயகற்ப மூலிகை தேடி மலைக்கு வருகிறார்கள். குரு மூலிகை தேடப் போகிறார். சீடர் சோறு சமைக்கிறார். பொங்கி வழிகிற சோற்றைப் பக்கத்தில் கிடந்த குச்சியால் கிளறுகிறார், சோறு கருத்துப்போகிறது. குரு கோபிப்பாரே என்று பயந்து அந்தச் சோற்றைத் தானே தின்றுவிட, இளைஞனாகிவிடுகிறார். திரும்பி வந்த குரு அதிர்ந்துபோகிறார். தேடி அலைந்தவருக்குக் கிடைக்காதது, அடுப்படியில் பயந்தவருக்குக் கிடைத்தது. அந்தச் சித்தரைக் காலாங்கிநாதர் என்கிறார்கள். காலாங்கிநாதர் சீன தேசம் போனார், அவர் சீடர் போகர் சீனத்தோடு தொடர்புடையவர் என்பதும் நம் சித்தர் மரபு சொல்லும் கதைதான்.

ஆகவே நம் பார்வையாளர் சீனத் தொடரைப் பார்த்தவுடன் இரண்டு விதமாகப் பதில் சொல்வதைக் கேட்கிறேன். ஒன்று, "இது நம்ம கதை, இங்கிருந்துதான் போனது." மற்றது, "இது நம்ம கதை மாதிரி இருக்குது." 'மாதிரி' என்ற ஒரே சொல்தான் வித்தியாசம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது.

2011-ஐ நினைத்துப்பாருங்கள். ஏப்ரலில் 'பொன்னர் சங்கர்' படமாக வந்தது. தீபாவளிக்கு 'ஏழாம் அறிவு' வந்தது. காஞ்சியிலிருந்து சீனம் போனதாகச் சொல்லப்படும் போதிதர்மரைப் பற்றிய பகுதி முடியும்போது கொட்டகையில் எழுந்த ஆரவாரத்தை நான் நேரில் கேட்டேன். இளைஞர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் போதிதர்மரையும் போர்க்கலையையும் இணைக்கும் கதை 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு சீன நூலை ஒட்டிப் பரவியது என்று சீனவியல் அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். நாம் எதை நம்முடையதென்று கொண்டாடுகிறோமோ அதுவே அவர்கள் நெய்த கதை. அவர்கள் நம்மைப் பற்றிச் சொன்ன கதையை நாம் வாங்கி நமக்கே சொல்லிக்கொள்கிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு அழகு! 'எங்களிடமிருந்து போனது' என்று சொன்ன மறுகணம் அந்த அழகு தொலைந்துவிடுகிறது. பார்க்க வேண்டியதும் பார்க்காமல் போகிறது. அதே ஆண்டில் நம் சொந்தப் பொன்னர் சங்கருக்குக் கொட்டகையில் யாரும் படுகளம் விழவில்லையே, ஏன் என்று நாம் கேட்டிருக்க வேண்டும். உடுக்கை இல்லை, எடுத்துக்கொடுக்கும் கிழவி இல்லை, எழுப்பத் தங்காள் இல்லை. விழுந்தால் எழுப்ப ஆளிருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனிதர் விழுவார்.

'மாதிரி' என்று சொல்கிறவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒப்பிடுகிறவர் அளக்கிறார். எதை அளக்கிறார் என்பதைக் கவனித்தபோதுதான் நான் இத்தனை ஆண்டு வகுப்பறையில் சொல்லிக் கொடுத்தது குறைவு என்று உணர்ந்தேன். மாயக்கதையில் மலை பிளக்குமா, மனிதன் பறப்பானா என்று நம் சனம் கேட்பதே இல்லை. வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துக் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடினார். கொல்லிமலையில் இன்றும் ஆடியில் ஓரிக்கு விழா எடுக்கிறோம். நடக்குமா என்று எவரும் அங்கே நின்று கேட்பதில்லை. அவர்கள் கேட்பது வேறு. தவத்துக்குத் தக்க வரம் வந்ததா? வரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? எத்தனை வருசம்?

கணக்குக் கேட்கிறார்கள். ஏன் கேட்கமாட்டார்கள்? திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியில் கிளம்பி மாதக்கணக்கில் வடநாட்டில் ஆழ்துளை போட்டுவிட்டு வருகிறவர்கள், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் புகையில் கண் எரிய உட்கார்ந்திருப்பவர்கள், சேகோ ஆலையில் மாவுக் குழியில் நிற்பவர்கள். உழைப்புக்கும் கூலிக்கும் உள்ள தூரத்தை உடம்பால் அறிந்தவர்கள் இவர்கள். நூறு ஆண்டு தவமிருந்தவன் மேல்படி ஏறினால் முகம் மலர்கிறது. பிறப்பாலேயே சக்தி பெற்றுவந்த குருகுலத்துப் பிள்ளை ஒருவன் உழைத்தவனை மிதித்தால், கைப்பேசியைப் பார்த்து வைகிறார்கள். நல்ல கொங்கு வசவு. இந்த மேடையில் சொல்லக்கூடாது. அவன் தோற்கும் பாகம் வரும்வரை விடமாட்டார்கள்.

நம் கூத்தில் இதற்கு ஒரு பெருங்காட்சி உண்டு. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் அர்ச்சுனன் தபசு. பாசுபதம் பெறுவதற்காக அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் படிப்படியாக ஏறுகிறார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் ஈரச்சேலையோடு காத்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுகிறார். அவர்கள் முந்தானை ஏந்திப் பிடிக்கிறார்கள். தவம் அர்ச்சுனனுடையது, ஆயுதம் அர்ச்சுனனுக்கு. ஆனால் தவத்தின் பலனில் ஒரு பங்கு கீழே நிற்பவருக்கும் வர வேண்டும் என்பது பார்வையாளர் வைத்த சட்டம். பாரத நூலில் அப்படி ஒரு சட்டம் இல்லை. முந்தானை ஏந்தியவர்கள் அதை எழுதிச் சேர்த்தார்கள்.

தறிப்பட்டறை அம்மா கேட்டதும் இதே பங்கைத்தான். குகை வாசலில் காத்திருந்தவளுக்கு எங்கே பங்கு? தாமரையின் 21 ஆண்டைப் பாடக் கேட்டு வளர்ந்த மண்ணில் அந்தக் கேள்வி வராவிட்டால்தான் வியப்பு. நம் கதையில் தவம் இருந்தவள் தாய், எழுப்பியவள் தங்கை. வாளெடுத்தவர்கள் நடுவில் பதினாறு வருசம் வந்து போனவர்கள்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லாமல் விடக்கூடாது. 2019-இல் சீனாவில் 'சென் சிங் லிங்' என்ற 50 பாகத் தொடர் வந்து உலகமெங்கும் பரவியது. முடிவு நெருங்கியபோது, கடைசிப் பாகங்களை முன்கூட்டியே பார்க்கத் தனிக் கட்டணம் என்று அதை வெளியிட்ட இணையத்தளம் அறிவித்தது. பார்வையாளர்கள் திட்டிக்கொண்டே பெருந்திரளாகக் கட்டினார்கள். மற்றத் தொடர்களுக்கும் அந்த வழக்கம் பரவி, எதிர்ப்பு வலுத்து, 2021 அக்டோபரில் பெரிய தளங்கள் அதைக் கைவிட்டன. முடிவைத் தெரிந்துகொள்ளும் தவிப்பை விலைக்கு வைத்தார்கள். உடுக்கடிப் பாட்டில் முடிவு விலைபோகாது. சங்கர் சாவான் என்பது என் மடிப்பிள்ளை வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வோர் ஆண்டும் போய் உட்கார்ந்தார்கள், தெரிந்தும் விழுந்தார்கள். இதில் எது உயர்ந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் தனியே ஒரு காதில் கேட்டு, தனியே முடிவைத் தெரிந்துகொண்டு, அழுகை வந்தால் அடுத்த தறிக்கு நகர்ந்துகொள்கிற பார்வையாளருக்கு வேட்டி போர்த்த ஆளில்லை. என் கவலை அது ஒன்றுதான். தொடர் அயல்நாட்டிலிருந்து வருவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

நம் வட்டாரத்தில் கூத்துக்காகவும் கதைக்காகவும் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன், கூத்துக்கலைஞர்களையும் பாவைக்கூத்துக் கலைஞர்களையும் ஊர் நடுவில் நிறுத்திச் சிறப்பித்துவருகிறார். சக்திக்கனல் அண்ணன்மார் சுவாமி கதையைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். கலைஞருக்கும் கதைக்கும் இவ்வளவாவது நடந்திருக்கிறது. கேட்டவருக்கு எதுவும் நடக்கவில்லை.

ஆகவே இந்தக் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் மாசியில் உங்கள் ஊரிலிருந்து வீரப்பூருக்கு வண்டி கிளம்பும், ஏறிப் போங்கள். பாட்டுக்காரரைப் பதிவுசெய்ய நிறையப் பேர் வருவார்கள். நீங்கள் முன்வரிசைக் கிழவியின் பக்கத்தில் உட்காருங்கள். எந்த இடத்தில் அவள் பாட்டுக்காரருக்கு அடி எடுத்துக் கொடுத்தாள், எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், எங்கே யாரை வைதாள் என்று எழுதுங்கள். வீடு திரும்பியதும், சீனத் தொடர் பார்க்கும் உங்கள் அத்தையிடமும் சித்தப்பாவிடமும் அதையே கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஊரும் நாளும் குறியுங்கள். எழுதியதைத் தமிழ்த்துறை நூலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். எனக்கு இன்று வழங்கும் மதிப்பூதியத்தை அந்த நோட்டுகள் வாங்கத் துறைத்தலைவரிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் குமாரபாளையத்து அம்மாவின் கேள்வியை நானே எழுதிவைத்திருக்கிறேன்.